சொல்லிராதீங்க

அவளுடைய பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. பள்ளிக்கூட வாசலில் அம்மாக்களுக்குப் பெயர் கிடையாது. பிள்ளையின் பெயரோடு ஓர் 'அம்மா'வை ஒட்டவைத்தால் முடிந்தது. நான் தருண் அம்மா. அவள் அபிநயா அம்மா. என் போனில் இன்றும் அப்படித்தான் இருக்கிறாள். இடையில் போனை மாற்றியபோதுகூட அந்த எண்ணை அழிக்கவில்லை. அழைத்ததும் இல்லை.

எதைச் சொல்வதற்கு முன்னாலும் அவள் ஒருமுறை வலது பக்கமும் ஒருமுறை இடது பக்கமும் பார்த்துக்கொள்வாள். "இன்னைக்கு வெயில் ஜாஸ்திலா" என்பதைக்கூட முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சொல்வாள். எங்கள் பள்ளிக்கூடம் ஆழ்வார்பேட்டையும் மயிலாப்பூரும் முட்டிக்கொள்கிற இடத்தில் இருந்தது. பள்ளி விடும் நேரத்தில் அத்தனை ஆட்டோவும் சேர்ந்து ஹாரன் அடிக்கும். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே கேட்காது. அந்த இரைச்சலிலும் அவள் குரல் ரகசியக் குரல்தான். பேசி முடித்ததும் கடைசியாக ஒன்று வரும்: "யார்ட்டயும் சொல்லிராதீங்க." சென்னையில் நாங்கள் 'சொல்லிடாதீங்க' என்போம். அவள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி தி. நகருக்கு வந்தவள். கணவர் குடும்பத்துக்கு அங்கே பாத்திரக்கடை. 'சொல்லிராதீங்க' என்று அவள் சொல்லும்போது அந்த 'ரா' மட்டும் கொஞ்சம் நீளும். வீட்டில் நானும் என் கணவரும் அதைச் சொல்லிக்காட்டிச் சிரித்திருக்கிறோம்.

அவள் என்னிடம் முதலில் பேசியது நான் அந்த வாசலில் நின்று அழுத நாளில். தருண் அப்போது மூன்றாம் வகுப்பு. வகுப்பு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நல்லவிதமாகத்தான் சொன்னார்.

"நல்லா பேசறான் மேம். வாய்க்கணக்கு போட்டா டக்குனு சொல்றான். எழுத்தைப் பார்த்தா மட்டும் அப்படியே நின்னுடறான். நீங்க ஒரு ரெக்வெஸ்ட் எழுதிக் கொடுத்தா, மேல ஸ்பெஷல் எஜுகேட்டர் பார்ப்பாங்க. தனியா உட்கார வெச்சுச் சொல்லித் தருவாங்க. பரீட்சையில கூடுதல் நேரமும் கேட்கலாம்."

எனக்கு அதில் 'மேல' என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது.

இரண்டாவது மாடியில், நடைவழியின் கடைசியில் ஓர் அறை. கதவில் அழகான ஆங்கிலப் பெயர் எழுதி, சூரியகாந்திப் பூவெல்லாம் ஒட்டியிருப்பார்கள். வாசலில் நிற்கும் அம்மாக்களுக்கு அது வெறும் 'மாடி'. "அந்தப் பையன் மாடிக்குப் போறானாம்" என்று பேசிக்கொள்வார்கள், ஏதோ பெரிய வியாதியைச் சொல்கிற தொனியில். மூன்றாம் வகுப்பில் மாடி ஏறினால் எட்டாம் வகுப்பில் டி.சி. என்பது அங்கே எல்லோரும் நம்பிய கணக்கு. பத்தாம் வகுப்பு ரிசல்ட் கெட்டுவிடக்கூடாது என்று முன்கூட்டியே அனுப்பிவிடுவார்களாம். அப்படிப் போன பையன் ஒருவனைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அவனுக்கு டி.சி. கொடுத்தார்கள் என்று சிலர், அவன் அப்பாவுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் என்று சிலர். பள்ளிக்கூடத்தில் போய் யாரும் கேட்டதில்லை. கேட்டால் நம் பிள்ளையைச் சந்தேகப்படுவார்களே.

எனக்கு லஸ்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. அதனால் முதலில் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். எங்கள் கடை நாற்காலியிலேயே அவனை உட்காரவைத்துப் பார்த்தாயிற்று. கண் சுத்தம். பவர் இருந்திருந்தால் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஒன்றும் இல்லை என்றதும்தான் பயந்துபோனேன்.

அன்றைக்கு அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள்.

"மாடின்னு சொன்னாங்களா?"

தூக்கிவாரிப் போட்டது. தலையை ஆட்டினேன்.

"எழுதிக் குடுத்துராதீங்க. எழுத்துல போயிட்டா பிறகு அழிக்க முடியாது. பிள்ள பேருக்குப் பக்கத்துலயே நின்னுரும்."

"பின்ன என்னங்க பண்றது? அவனுக்குப் படிக்க வரலையே!"

"வரலைன்னு யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும். டீச்சர மறக்க வச்சிரலாம். யாருக்கும் தெரியாட்டா அது இல்லவே இல்லைலா."

சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறந்து தருணுக்குக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தாள். அழுகையோடு அழுகையாக எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. அன்றுதான் நான் பல நாட்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

அவளிடம் வித்தைகள் நிறைய இருந்தன. பாடத்தை யாரையாவது வாசிக்கவைத்துப் போனில் பதிவுசெய்து, காலையில் பல் தேய்க்கும்போதும் சாயங்காலம் பால் குடிக்கும்போதும் போட்டுவிடவேண்டும். பிள்ளைக்கு முழுப் பாடமும் மனப்பாடமாகிவிடும். பக்கத்தைத் திருப்பவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி வந்தால் திருப்பவேண்டும். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் முதல் ஆளாகக் கை தூக்கவேண்டும். "முந்திக்கிட்டு வாசிக்கிற பிள்ளய எந்த டீச்சரும் சந்தேகப்படமாட்டா" என்பாள். சொல்வதை எழுதும் நாளில் வயிற்றுவலி. அதுவும் ஒவ்வொரு முறையும் வயிற்றுவலியாக இருக்கக்கூடாது. ஒரு முறை பல்வலி, ஒரு முறை காதுவலி என்று சுற்றில் விடவேண்டும்.

அபிநயா ஏழாம் வகுப்பு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டில் அவள் எழுதியதைத்தான் ஒட்டுவார்கள். பார்த்து எழுதச் சொன்னால் அச்சு மாதிரி எழுதுவாள். எழுதியதை வாசிக்கச் சொன்னால் மட்டும் தொலைந்தது. "இவ்வளவு அழகா எழுதுற பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதுன்னு யார் நினைப்பா?" என்று அவள் அம்மா பெருமையாகக் கேட்டாள். எனக்கு அந்தப் பெருமையைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது.

ஒருநாள் எங்கள் கடைக்கே வந்துவிட்டாள். முதலாளி உள்ளே போகும்வரை ஃப்ரேம்களைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள்:

"தருண் அம்மா, பவர் இல்லாத கண்ணாடி கிடைக்குமா? அபிக்கு."

"பவர் இல்லாததா? எதுக்குங்க?"

"மறந்துட்டு வர்றதுக்கு."

புரியவில்லை. அவளே விளக்கினாள். கண்ணாடி போடுகிற பிள்ளை என்று டீச்சர்களுக்கு முதலில் பழகவேண்டும். பிறகு வாசிக்கச் சொல்கிற நாளில் 'கண்ணாடியை மறந்துட்டேன் மிஸ்' என்றால் போதும், உட்காரச் சொல்லிவிடுவார்கள். நான் கடையே அதிரும்படி சிரித்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் எங்கள் முதலாளி செய்யமாட்டார் என்றேன். அடுத்த வாரமே அபிநயா கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தாள். பாண்டி பஜார் நடைபாதையில் வாங்கியதாம். அவளுக்கு அது நன்றாகவும் இருந்தது.

இத்தனைக்கும் அவள் மூர்க்கமானவள் இல்லை. மகளை ஒரு வார்த்தை அதட்டி நான் பார்த்ததில்லை. ஸ்கூட்டரில் உட்காரவைத்து, துப்பட்டாவைச் சக்கரத்தில் மாட்டாமல் சுருட்டிவிட்டு, தலையைத் தடவிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். "பொம்பளப் பிள்ளலா. படிப்பு வராதுன்னு ஒரு பேர் வந்துட்டா, நாளைக்குப் பொண்ணு கேட்டு எவன் வருவான்? எங்க வீட்ல தெரிஞ்சா அவங்க அப்பாவே இந்த வருசத்தோட நிறுத்திருவாங்க" என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் இரண்டு பக்கமும் பார்க்க மறந்துவிடுவாள்.

தருணுக்கு வித்தை பலித்தது. டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல இம்ப்ரூவ்மென்ட் மேம். மாடி... சாரி, மேல அனுப்ப வேண்டாம்னு நினைக்கிறேன்." டீச்சர் வாயிலும் அந்தச் சொல் வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சாயங்காலம் அவனை மடியில் உட்காரவைத்து, "எங்கே, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு" என்றேன். புத்தகத்தை விரித்தான். யானையைப் பற்றிய பாடத்தைக் கணீரென்று, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். நான் புத்தகத்தைப் பார்த்தேன். விரித்திருந்தது மழையைப் பற்றிய பாடம். பக்கத்தில் ஒரு குடையும் தவளையும் இருந்தன. அவன் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் கண்டுபிடித்துவிட்டேனா என்று.

எட்டு வயசுப் பிள்ளை பெற்ற தாயைப் பார்க்கிற பார்வை இல்லை அது. "வெரி குட்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவன் இரவில் பல்லை நறநறவென்று கடிக்க ஆரம்பித்தான். நகத்தைச் சதை தெரியும்வரை கடித்துவைத்திருந்தான். இதை அவளிடம் சொன்னபோது, "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். பழகிரும்" என்றாள். எதை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பரீட்சை நாட்களில் அரை நாள்தான் பள்ளி. அன்று தருணைக் கூட்டிவந்து கடையில் உட்காரவைத்திருந்தேன். போன் வந்தது. எப்போதும் குரல் செய்தி அனுப்புகிறவள் அழைத்தாள்.

"அபி வாசல்ல இல்ல."

அவர்கள் பாத்திரக்கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம், அவள் வர நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் வாசல் காலி. பிள்ளைகள் எல்லோரும் எப்போதோ போய்விட்டார்கள். நான் தருணை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். "ஆபீஸ்ல சொல்லலாம் வாங்க, கேமரால பார்ப்பாங்க" என்று கையைப் பிடித்துத் தூக்கினேன். அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிராதீங்க. தனியா பஸ் ஏறி எங்கயோ போயிருப்பா. தெரிஞ்சா, போர்டைப் பார்த்து ஏறலையான்னு கேப்பாங்க."

"பிள்ளையைக் காணோம், இப்ப என்ன பேசறீங்க!" என்று கத்திவிட்டேன். அவள் விடவில்லை. அவள் விரல்கள் என் கையில் பதிந்துவிட்டன.

லஸ் பஸ் நிறுத்தத்தில் கொய்யாப்பழம் விற்பவரிடம் கேட்டேன். "கத்தரிப்பூ கலர் கண்ணாடி போட்ட பாப்பாதான? சைதாப்பேட்டை பஸ்ல ஏறிச்சு மா. போய் ரொம்ப நேரம் ஆச்சே" என்றார். தி. நகருக்குப் போகவேண்டிய பிள்ளை.

ஆட்டோ பிடித்தோம். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "இன்னாமா, போலீஸ்ல சொல்ட்டீங்களா? பொண்ணு புள்ள மா. நேரம் போகப் போக கஷ்டம்." அவள் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தருண் என் மடியில் ஒட்டிக்கொண்டான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சீருடை போட்ட பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே போனோம். எத்தனை இரட்டைச் சடைகள், எத்தனை நீலப் பைகள். எதுவும் அவளுடையது இல்லை. செய்தித்தாளில் படித்ததெல்லாம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

நந்தனம் தாண்டும்போது அவள் பேசினாள். முந்தானை வாயில் இல்லை.

"எனக்கும் வாசிக்க வராது, தருண் அம்மா."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"கையெழுத்துப் போடுவேன். கடை போர்டை நிறத்தை வச்சுக் கண்டுபிடிப்பேன். ஒன்பதாப்பு வரைக்கும் இப்படியே தப்பிச்சிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் தப்பிச்சிட்டேன். அபி அப்பாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அபிக்கு மட்டுந்தான் தெரியும். எனக்குத் தப்பிக்க வந்த மாதிரி இவளுக்கும் வந்துரும்னுதான் சொல்லிக் குடுத்தேன்."

அவள் எனக்குச் சொல்லித் தந்த வித்தை அத்தனையும் எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. கோபம் வரவேண்டிய நேரத்தில் எனக்கு அவளை நினைத்து அழுகையாக வந்தது. பயம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

சைதாப்பேட்டை பஸ் நிலையத்தில் ஒரு தூணுக்குப் பக்கத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு அபிநயா உட்கார்ந்திருந்தாள். முதுகை நிமிர்த்தி, யாரோ வரப்போகிறார்கள் என்பதைப் போல ஒரு சிரிப்பு. பக்கத்தில் பூக்கடை வைத்திருந்த அம்மா எங்களைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"நீதான் அம்மாவா? நான் எத்தினி வாட்டி கேட்டேன் தெரியுமா? எங்க போணும் பாப்பான்னா, அம்மா வந்துக்கினு கீறாங்கன்னு சொல்லுச்சு. சிரிச்சிக்கினே சொல்லுச்சு மா. நானும் நம்பிட்டேன்."

அம்மாவைக் காணாமல், தானே வீட்டுக்குப் போகலாம் என்று பஸ் நிறுத்தத்துக்கு வந்திருக்கிறாள். பஸ்ஸின் நெற்றியில் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தனவாம். நிற்காத எழுத்தை அவளால் பிடிக்க முடியவில்லை. அம்மாவோடு ஒருமுறை ஏறிய பஸ்ஸின் நிறம் என்று நினைத்து ஏறிவிட்டாள். பெண்களுக்கு இலவசம் என்பதால் கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், எங்கே இறங்கவேண்டும் என்று கேட்கவில்லை. கடைசி நிறுத்தம்வரை உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் போன் எண் அவளுக்கு மனப்பாடம். யாரிடமாவது போன் கேட்டிருக்கலாம். கேட்டால், போர்டைப் பார்த்து ஏறக்கூடாதா என்பார்களே.

அவள் மகளைக் கட்டிக்கொண்டாள். நெற்றியில், கன்னத்தில், கண்ணாடியின்மேல் எல்லாம் முத்தம் கொடுத்தாள். பிறகு இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"யார்ட்டயாவது சொன்னியா?"

"இல்லம்மா. யார்ட்டயும் சொல்லல."

"என் தங்கம்."

திரும்பும்போது ஆட்டோவில் தருண் என் காதருகே வந்தான். "அம்மா, நான் தொலைஞ்சு போனாலும் சொல்லக்கூடாதா?" என்று கேட்டான். அவனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் டீச்சரிடம் ரெக்வெஸ்ட் எழுதிக் கொடுத்தேன். நேராகவே கேட்டுவிட்டேன்: "மேம், இதனால டி.சி. எல்லாம் கொடுக்கமாட்டீங்களே?" டீச்சர், "இந்த வருஷம் அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை மேம்" என்றார். அந்த 'இந்த வருஷம்' இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. ஆனாலும் கொடுத்ததைத் திருப்பி வாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் வாசலில் என் பக்கத்தில் நிற்பதில்லை. எதிர்ச்சாரியில் நின்று மகளை ஏற்றிக்கொண்டு போய்விடுவாள். என்னோடு நின்றால் அபியையும் மாடியோடு சேர்த்துப் பேசுவார்கள் என்ற பயம். எனக்கு அது வலிக்கத்தான் செய்தது.

ஒரு மதியம், கடையில் ஒருவருக்குக் கண்ணாடியின் காதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது குரல் செய்தி வந்தது. பின்கட்டுக்குப் போய் காதில் வைத்தேன். முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

"தருண் அம்மா... மாடியில என்ன செய்வாங்க? அடிப்பாங்களா? எங்க ஸ்கூல்ல ஸ்கேலை நிறுத்திப் பிடிச்சு விரல் முட்டியில அடிப்பாங்க."

கண்ணாடி துடைக்கிற துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு பேசி அனுப்பினேன். அடிக்கமாட்டார்கள் என்றேன். ஒரு தட்டில் ரவையைப் பரப்பி அதில் விரலால் எழுதச் சொல்கிறார்கள், எழுதும்போதே அந்தச் சத்தத்தைச் சொல்லச் சொல்கிறார்கள், தருண் இப்போது நகம் கடிப்பது குறைந்திருக்கிறது என்றேன். நீல டிக் விழுந்தது. வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

"நாளைக்கு அபிய உங்ககூட அனுப்பட்டா? என்னால மேல ஏற முடியாது. கால் வராது. நீங்க சொல்லிருங்க."

மறுநாள் காலை அபிநயா தனியாக வந்து என் முன்னால் நின்றாள். கண்ணாடி போட்டிருக்கவில்லை. எதிர்ச்சாரியில் ஒரு பள்ளி வேனுக்குப் பின்னால் அவளுடைய அம்மாவின் புடவை கொஞ்சம் தெரிந்தது. பிள்ளையின் கையைப் பிடித்தேன். வேர்த்து வழுக்கியது. படி ஏறினோம். முதல் மாடி தாண்டி, திருப்பத்தில் அவள் நின்றுவிட்டாள். வயிற்றுவலி என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஆன்ட்டி, எனக்கு வாசிக்க வராதுன்னு சொன்னா, இது எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்களா?"

"எதுக்கும்மா கேக்கறே?"

"அம்மாவைக் கண்டுபிடிச்சிருவாங்களா?"

அத்தனை நாளும் அந்தப் பிள்ளை எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று எனக்கு அந்தப் படியில் நிற்கும்போதுதான் தெரிந்தது. மேலே ஸ்பெஷல் எஜுகேட்டர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். அவர் கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுதான் என்று எனக்குத் தெரியும். தருண் விஷயத்தில் என்னிடமும் அதைத்தான் கேட்டார், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று.

"கண்டுபிடிக்கமாட்டாங்க" என்றேன்.

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அடுத்த படியில் கால் வைத்தாள்.